கீசர் வாங்கப் போறீங்களா? ஆஃபரைப் பார்க்கும் முன் பிளக் பாயின்ட்டைப் பாருங்க!

‘பாய்லர்’ என்றால் நம்ம தாத்தா, பாட்டிக்கு ஞாபகம் வருவது கொல்லைப்புறத்தில் நிற்கும் செம்புப் பாத்திரம்தான். நடுவில் ஒரு குழாய், அதற்குள் கரியோ கொட்டாங்குச்சியோ எரியும். மேலே தண்ணீர் ஊற்ற ஒரு வாய், கீழே ஒரு பித்தளைக் குழாய். ஒரு வாளி வெந்நீர் பிடித்தால், ஒரு வாளி பச்சைத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் போகணும். அந்த பாய்லரால் அதிகபட்சம் கை சுடும், புகையில் கண் கரிக்கும்.

இப்போது அதே வேலையைச் செய்வது பாத்ரூம் சுவரில், தலைக்கு மேலே தொங்கும் வெள்ளை டப்பா. அதற்குள் தண்ணீரும் 230 வோல்ட் மின்சாரமும் ஒரு மெல்லிய உலோகக் குழாயின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கின்றன. கீழே நாம் ஈரக் கையோடு, ஈரத் தரையில், செருப்பில்லாமல் நிற்கிறோம்.

ஐப்பசி மழை தொடங்கியதுமே ஆன்லைனில் கீசர் ஆஃபர்கள் வரிசைகட்டும். நாமும் எத்தனை லிட்டர், எத்தனை ஸ்டார், எவ்வளவு தள்ளுபடி என்று மூன்றே மூன்று விஷயங்களைப் பார்த்து ஆர்டர் போட்டுவிடுகிறோம். என் கருத்து இதுதான்: கீசர் விஷயத்தில் இந்த மூன்றும் கடைசியாகப் பார்க்க வேண்டியவை. வீட்டு வயரிங், குழாயில் வரும் தண்ணீர், நாம் குளிக்கும் விதம் ஆகியவைதான் எந்த கீசர் என்பதை முடிவு செய்யணும். இவற்றில் முதல் விஷயம் சரியில்லை என்றால் கீசரே வாங்காமல் இருப்பது நல்லது. ‘சும்மா பயமுறுத்தாதீங்க’ என்கிறீர்களா? உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துடலாம்.

எர்த் இருக்கா, இல்ல எர்த் ஓட்டை மட்டும் இருக்கா?

கீசருக்குள் தண்ணீரைச் சூடாக்குவது ‘எலிமென்ட்’. மேலே உலோகக் குழாய், அதற்குள் மின்சாரம் கடத்தாத பொடி, அதன் நடுவில் சூடாகும் கம்பி. உப்புத் தண்ணீரில் வருடக்கணக்கில் வேகும் அந்த உலோகக் குழாய் ஒருநாள் அரித்து விரிசல் விடும். விட்டால், கம்பியில் ஓடும் மின்சாரம் தொட்டித் தண்ணீரையும், கீசரின் உடம்பையும், குழாயையும் தொடும். எர்த் ஒழுங்காக இருந்தால் அந்த மின்சாரம் எர்த் வயர் வழியாக மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் அது காத்திருக்கும். ஈரத் தரையில் நிற்கும் நீங்க குழாயைத் திறக்கும்போது உங்க உடம்பு வழியாக மண்ணுக்குப் போகும்.

இங்கே பலருக்கும் ஒரு நம்பிக்கை இருக்கு: “எங்க வீட்ல எம்.சி.பி. இருக்கு, ஏதாவதுன்னா டிரிப் ஆயிடும்.” ஆகாது. எம்.சி.பி. என்பது வயரைக் காப்பாற்ற வந்தது. 16 ஆம்பியர், 20 ஆம்பியர் என்று அதன் அளவைத் தாண்டி மின்சாரம் ஓடினால்தான் அது விழும். மனிதரின் இதயத் துடிப்பைக் குலைக்க ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே அதிகம். ஒருத்தர் ஷாக் அடித்துத் துடித்துக்கொண்டிருந்தாலும் எம்.சி.பி.க்கு அது ஒரு சின்ன பல்பு எரிகிற மாதிரிதான்.

மனிதரைக் காப்பாற்றுவதற்கென்றே இருப்பது ஆர்.சி.சி.பி. பழைய எலக்ட்ரீஷியன்கள் இ.எல்.சி.பி. என்பார்கள். பேஸ் வயரில் போகும் மின்சாரமும் நியூட்ரலில் திரும்பி வருவதும் ஒரே அளவா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு எங்கேயோ கசிகிறது என்றால் கண் இமைக்கும் நேரத்தில் மொத்த லைனையும் துண்டித்துவிடும். உங்க வீட்டு டிஸ்ட்ரிபியூஷன் பாக்ஸைத் திறந்து பாருங்க. ‘டி’ அல்லது ‘டெஸ்ட்’ என்று ஒரு குட்டி பட்டன் இருக்கும் சுவிட்ச் தெரிகிறதா? பக்கத்தில் 30 எம்.ஏ. என்று போட்டிருக்கிறதா? இருந்தால் நல்லது. இல்லையென்றால், உங்க கீசர் பட்ஜெட்டின் முதல் செலவு அதுதான். ஐந்து ஸ்டாரை மூன்று ஸ்டாராகக் குறைத்தாவது இதை வாங்கிப் போடுங்க.

அடுத்து எர்த். மூணு ஓட்டை சாக்கெட் இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. மேலே இருக்கும் பெரிய ஓட்டைக்குப் பின்னால் வயரே இல்லாத பழைய வீடுகள் நிறைய. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்க. பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் 230 வோல்ட் காட்டினால், பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவிலும் கிட்டத்தட்ட அதே அளவு காட்டணும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் ஓரிரு வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. இது முதல்கட்ட சோதனைதான். எர்த் குழி காய்ந்து கிடந்தாலும் மீட்டர் நல்ல பிள்ளையாக 230 காட்டலாம். அதனால் குழியின் ரெசிஸ்டன்ஸையும் அதற்கான மீட்டரில் பார்க்கச் சொல்வது நல்லது.

சிலர் இங்கே ஒரு குறுக்கு வழி செய்வார்கள். எர்த் இல்லாத சாக்கெட்டில் நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு வயரை எர்த் முனைக்கு இழுத்து மாட்டிவிட்டு, “எர்த் வந்துடுச்சு சார்” என்பார்கள். மீட்டரில் பார்த்தால் அப்படித்தான் காட்டும். ஆனால், என்றைக்காவது நியூட்ரல் வயர் எங்கேயாவது அறுந்தால் கீசரின் உடம்பு முழுக்க பேஸ் வந்து நிற்கும். இந்த ‘ஜம்பர்’ வேலையைச் செய்ய விடாதீங்க.

பிளக் பாயின்ட்டும் முக்கியம். 2 கிலோவாட் கீசர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். 3 கிலோவாட் என்றால் 13. போன் சார்ஜர் செருகும் 6 ஆம்பியர் சாக்கெட் இதைத் தாங்காது. 16 ஆம்பியர் பவர் பாயின்ட் வேணும், அதற்கு டி.பி.யிலிருந்து தனி லைன் வேணும், குறைந்தது 2.5 ஸ்கொயர் எம்.எம். செப்பு வயர் வேணும். 4.5 கிலோவாட் இன்ஸ்டன்ட் மாடல் என்றால் கிட்டத்தட்ட 20 ஆம்பியர். பழைய அப்பார்ட்மென்ட்டில் அதை மாட்டும் எண்ணத்தை விட்டுடுங்க. சுவிட்ச் பாத்ரூமுக்கு வெளியே இருக்கணும்.

“நாங்க பேச்சுலர்ஸ், கீசரெல்லாம் இல்ல, ஹீட்டர் ராடுதான்” என்பவர்களுக்கு: உங்களுக்குத்தான் மேலே சொன்ன எல்லாமே இரண்டு மடங்கு பொருந்தும். கீசரில் தொட்டி என்று ஒன்றாவது நடுவில் இருக்கிறது. ராடில் பக்கெட் தண்ணீரும் மின்சாரமும் நேருக்கு நேர். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ராடு வாங்கவே கூடாது. இரும்பு, அலுமினிய பக்கெட் வேண்டாம். தண்ணீருக்குள் வைத்த பிறகுதான் சுவிட்ச். தண்ணீர் சூடாகிவிட்டதா என்று விரலை விட்டுப் பார்ப்பதற்கு முன்னால் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையும் கழற்றணும். சுவிட்ச் நியூட்ரலில் மாட்டியிருக்கும் வீடுகளும் உண்டு. அங்கே அணைத்தாலும் ராடில் பேஸ் இருக்கும்.

பக்கெட்டா, ஷவரா?

வயரிங் சரி என்று வைத்துக்கொள்வோம். எத்தனை லிட்டர் வாங்குவது? கடையில் கேட்டால், “எத்தனை பேர் வீட்ல?” என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்வி, “பக்கெட்டா, ஷவரா?”

சின்ன கணக்கு ஒன்று போடுவோம். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 1.16 வாட் மணி நேரம் செலவாகும். இது இயற்பியல், எந்த பிராண்டாலும் மாற்ற முடியாது. டிசம்பர் காலையில் சென்னைக் குழாயில் வரும் தண்ணீர் 25 டிகிரி, குளிக்க இதமான சூடு 40 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 18 லிட்டர் பக்கெட்டுக்கு ஆகும் செலவு 0.31 யூனிட். நாலு பேர் வீட்டில் ஆளுக்கு தினமும் ஒரு பக்கெட் என்றால் இரண்டு மாதத்துக்கு சுமார் 75 யூனிட்.

அதே நாலு பேரும் ஷவரில் குளிக்கிறார்கள். நிமிடத்துக்கு 8 லிட்டர், பத்து நிமிடம், ஆளுக்கு 80 லிட்டர். யூனிட் கணக்கு ஒரு குளியலுக்கு 1.4, இரண்டு மாதத்துக்கு சுமார் 335! ‘கீசர் போட்டதும் கரன்ட் பில் எகிறிடுச்சு’ என்று புலம்பும் வீடுகளில் ஷவரில் யார் எவ்வளவு நேரம் பாட்டு பாடுகிறார்கள் என்று விசாரிப்பது நல்லது. இரண்டு மாத பில்லில் யூனிட் ஏற ஏற ஒரு யூனிட்டின் விலையும் ஏறுவது நம்ம ஊர் ஸ்லாப் முறை. அதனால் கடைசியாகச் சேரும் யூனிட்தான் விலை அதிகமுள்ள யூனிட்.

இப்போது லிட்டர். கீசர் தண்ணீரை 60 டிகிரிக்குச் சூடாக்கும், நாம் பச்சைத் தண்ணீரை விளாவிக்கொள்வோம். சென்னையில் ஒரு பக்கெட்டுக்கு 8 லிட்டருக்குள்தான் வெந்நீர் தேவைப்படும். அப்படியென்றால் 15 லிட்டர் கீசர் ஒரு தடவை சூடானாலே கிட்டத்தட்ட இரண்டு பக்கெட். 2 கிலோவாட் என்றால் அடுத்த 18 நிமிடத்தில் மறுபடியும் ரெடி. பக்கெட் குளியல் வீட்டுக்கு 25 லிட்டர் எதற்கு? தேவையில்லை. ஷவர் வீட்டுக்கோ 25 லிட்டரே பத்தாது, ஒருவர் குளியலுக்கே 34 லிட்டர் வெந்நீர் கேட்கும்.

ஊட்டி, கொடைக்கானல் கணக்கு வேறு. குழாய்த் தண்ணீரே 12 டிகிரியில் வந்தால் அதே பக்கெட்டுக்கு பத்தரை லிட்டர் வெந்நீர் வேணும். சென்னையில் இரண்டு பக்கெட் தரும் கீசர் அங்கே ஒன்றரை பக்கெட்தான் தரும். சென்னை நண்பர் பரிந்துரைத்தார் என்று ஊட்டி வீட்டுக்கு அதே மாடலை வாங்காதீங்க.

3 லிட்டர் ‘இன்ஸ்டன்ட்’ கீசரைப் பலர் ஏமாற்று வேலை என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. 3 கிலோவாட் இன்ஸ்டன்ட், சென்னைத் தண்ணீரை நிமிடத்துக்கு சுமார் 3 லிட்டர் வேகத்தில் 40 டிகிரிக்குக் கொண்டுவரும். ஒரு பக்கெட் நிறைய ஆறு நிமிடம். ஒண்டிக்கட்டைக்கும், பக்கெட்டில் குளிக்கும் இரண்டு பேருக்கும் அது தாராளம். தொட்டி சின்னது என்பதால் மிச்சம் நின்று ஆறிப்போகும் தண்ணீரும் குறைவு. அதில் ஷவர் குளியல் எதிர்பார்ப்பதுதான் தப்பு. ஊட்டியில் அதே பக்கெட்டுக்கு பன்னிரண்டு நிமிடம் ஆகும், நடுங்கிக்கொண்டே நிற்கணும்.

இன்னொரு வாட்ஸ்அப் நம்பிக்கை: “3,000 வாட்ஸ் வாங்காதே, கரன்ட் அதிகம் குடிக்கும்.” அதே தண்ணீரை அதே சூட்டுக்குக் கொண்டுவர 2,000 வாட்ஸுக்கும் 3,000 வாட்ஸுக்கும் யூனிட் ஒன்றுதான். நேரம்தான் குறையும். வயரிங் தாங்குமா என்பது மட்டுமே கேள்வி.

ஸ்டார் சொல்லாத விஷயம்

ஏ.சி., ஃபிரிட்ஜில் ஸ்டார் பார்த்துப் பழகிய கண்ணுக்கு கீசரிலும் ஐந்து ஸ்டார் என்றால் பாதி பில் என்று தோணும். அப்படி இல்லை. மின்சாரத்தைச் சூடாக மாற்றுவதில் எல்லா கீசரும் கிட்டத்தட்ட நூற்றுக்கு நூறு வாங்கும் மாணவர்களே. ஸ்டோரேஜ் கீசரில் பி.இ.இ. ஸ்டார் அளப்பது வேறு ஒன்றை: சூடான தண்ணீரை அப்படியே வைத்திருந்தால் 24 மணி நேரத்தில் எவ்வளவு சூடு சுவர் வழியாக வீணாகிறது என்பதை. பிளாஸ்க் நல்ல பிளாஸ்க்கா என்பது மாதிரி.

குளிப்பதற்கு 20 நிமிடம் முன்னால் போட்டு, குளித்ததும் அணைத்துவிடும் வீட்டில் அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. காலை ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை ஆள் மாற்றி ஆள் குளிக்கும் கூட்டுக்குடும்பத்தில் ஐந்து ஸ்டாருக்கு அர்த்தம் உண்டு. நீங்க எந்த ரகம் என்று உங்களுக்கே தெரியும், அதற்கேற்ப செலவு பண்ணுங்க.

உப்புத் தண்ணிதான் வில்லன்

சென்னையில் போர்வெல் தண்ணீர் வரும் பகுதியில் குடியிருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குழாய் முனையில் வெள்ளை வெள்ளையாகப் படியும், பக்கெட்டில் சோப்பு நுரைக்காது, ஷவர் ஓட்டை அடைக்கும். அதே சுண்ணாம்பு கீசருக்குள்ளும் படிகிறது. தண்ணீர் சூடாக ஆகத்தான் இந்தப் படிவு வேகமாக இறங்கும். சூடு அதிகம் இருக்கும் இடம் எலிமென்ட். அதன் மேல் ஓடு மாதிரி கட்டிக்கொள்ளும். சூடு தண்ணீருக்குப் போகாமல் எலிமென்ட்டுக்குள்ளேயே தங்கும், எலிமென்ட் வெந்து வெடிக்கும். முதலில் பார்த்தோமே, விரிசல் விட்டால் மின்சாரம் தண்ணீரைத் தொடும் என்று, அதன் தொடக்கம் பெரும்பாலும் இந்த வெள்ளைப் படிவுதான்.

அதனால் போர்வெல் தண்ணீர் வீட்டுக்கு வாங்கும்போது கடைக்காரரிடம் மூன்று விஷயம் கேளுங்க. எலிமென்ட்டுக்கு மேல் கண்ணாடிப் பூச்சு இருக்கா? தொட்டிக்குள் பூச்சு என்ன? மெக்னீசியம் ஆனோடு ராடு இருக்கா, அது தனியாகக் கிடைக்குமா? இந்த ஆனோடு ஒரு தியாகி. தொட்டியின் உலோகத்தை அரிக்க வரும் வேதிவினைக்குத் தன்னைக் கொடுத்து, தான் கரைந்து தொட்டியைக் காப்பாற்றும். முழுசாகக் கரைந்த பிறகு தொட்டிக்குப் பாதுகாப்பு இல்லை. உப்புத் தண்ணீர் வீட்டில் வருஷத்துக்கு ஒரு தடவை சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டு அதைக் கழற்றிப் பார்ப்பதும் படிவைச் சுரண்டுவதும் அவசியம். நம்மில் எத்தனை பேர் ஏ.சி.க்கு வருஷம் இரண்டு சர்வீஸ் செய்துவிட்டு கீசரை எட்டு வருஷம் திறக்காமல் வைத்திருக்கிறோம்?

வாரன்டி அட்டையையும் படிங்க. தொட்டிக்கு ஒரு வருஷக் கணக்கு, எலிமென்ட்டுக்கு வேறு கணக்கு என்று இருக்கும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது தொட்டியின் கணக்கு. முதலில் போவது எலிமென்ட். கடின நீரால் வந்த பழுது வாரன்டியில் சேராது என்று சின்ன எழுத்தில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கங்க.

தெர்மோஸ்டாட்டை எப்போதும் கடைசிக் கோடு வரை திருப்பி வைப்பது படிவை வளர்க்கும். 50-55 டிகிரி குளியலுக்குப் போதும். ஆனால், ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்து வருகிறீர்கள் என்றால் முதல் தடவை 60-க்கு மேல் முழுசாகச் சூடாக்கி அந்தத் தண்ணீரை வெளியேற்றிவிடுங்க. வெதுவெதுப்பாகத் தேங்கிய தண்ணீரில் லீஜியோனெல்லா மாதிரி கிருமிகள் வளர வாய்ப்பு உண்டு.

கேஸ் கீசர்: பாத்ரூமுக்குள் வேண்டவே வேண்டாம்

இந்த ஒரு விஷயத்தில் ‘ஒருபக்கம் பார்த்தா, இன்னொரு பக்கம் பார்த்தா’ என்றெல்லாம் எழுத எனக்கு இஷ்டமில்லை.

கேஸ் கீசருக்கு ஆதரவாகச் சொல்வதெல்லாம் உண்மைதான். கரன்ட் போனாலும் ஓடும், தண்ணீர் நிற்காமல் சூடாக வரும். ஆனால், அது மூடிய அறைக்குள் எரியும் அடுப்பு. நம்ம பாத்ரூம் ஐந்துக்கு ஏழு அடி, கதவு மூடி, குளிர் வருகிறதென்று ஜன்னலும் மூடி. ஆக்சிஜன் குறையக் குறைய எல்.பி.ஜி. அரைகுறையாக எரியும், கார்பன் மோனாக்சைடு உருவாகும். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். சுவாசம் நடந்துகொண்டே இருக்கும், உடம்புக்கு ஆக்சிஜன் போகாது.

“கேஸ் லீக் ஆனா வாடை வருமே?” என்பார்கள். வாடை வருவது எரியாத எல்.பி.ஜி.யில், அதுவும் எச்சரிக்கைக்காகச் சேர்க்கும் மெர்காப்டனால். எரிந்து உருவாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. லேசாகத் தலை சுற்றும், தலை வலிக்கும், குமட்டும், கை கால் துவளும். வெந்நீர் இதமாக இருப்பதால் வரும் அசதி என்றே தோணும். கதவின் தாழ்ப்பாளைத் திறக்கணும் என்று புரியும்போது கை எழாது. உயிர் பிழைத்தவர்களிலும் சிலருக்கு நரம்புப் பாதிப்புகள் வருவதை இந்திய மருத்துவர்கள் ‘கேஸ் கீசர் சிண்ட்ரோம்’ என்றே பெயர் வைத்துப் பதிவு செய்திருக்கிறார்கள்.

இதில் ஒரு வரலாறும் இருக்கிறது. கீசர் என்ற பெயரே ஐஸ்லாந்தின் வெந்நீர் ஊற்றிலிருந்து வந்தது. 1868-ல் லண்டனில் பெஞ்சமின் வாடி மாகன் என்பவர், குழாயில் வரும் தண்ணீரை கேஸ் நெருப்பால் உடனே சூடாக்கும் கருவிக்கு அந்தப் பெயரை வைத்தார். அந்த முதல் கீசரின் பெரிய குறை, எரிந்த வாயு வெளியேற ஒரு புகைக்குழாய்கூட அதில் இல்லாதது. ஒன்றரை நூற்றாண்டு கழித்து, அதே புகைக்குழாய் இல்லாத அமைப்பை மூடிய பாத்ரூமுக்குள் இன்னும் மாட்டிக்கொண்டிருக்கிறோம்!

எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் சரியாகிவிடுமா? ஃபேன் ஓடினால்தானே. போட மறந்த ஒரு நாள் போதும். கேஸ் கீசர்தான் வேணும் என்றால் அது திறந்த பால்கனியிலோ வெளிச்சுவரிலோ இருக்கட்டும், வெந்நீர் மட்டும் குழாய் வழியாக உள்ளே வரட்டும். வெளிச்சுவர் வசதி இல்லாத வீட்டுக்கு கேஸ் கீசர் கிடையாது. ஏற்கெனவே உள்ளே மாட்டியிருப்பவர்கள் இன்றைக்கே இடம் மாற்ற ஏற்பாடு செய்யுங்க. அதுவரை பக்கெட்டை நிரப்பி, கீசரை அணைத்து, கதவைத் திறந்து காற்றுப் போன பிறகு குளிங்க. உள்ளே யாராவது பதில் கொடுக்கவில்லை என்றால் கதவை உடைத்துத் திறந்து, கேஸை மூடி, ஆளைத் திறந்தவெளிக்குத் தூக்கி வந்துவிட்டு 108-க்கு அழைக்கணும்.

சோலார், ஹீட் பம்ப் பற்றி ரெண்டு வார்த்தை

தனி வீடும் மொட்டைமாடியும் இருப்பவர்கள் மட்டும் இதைப் படிச்சா போதும். சோலார் வாட்டர் ஹீட்டரில் நாளுக்கு 100 லிட்டர் மாடல் மூணு, நாலு பேருக்குச் சரியாக வரும். சிக்கல் எங்கே என்றால், சென்னைக்கு வெந்நீர் தேவைப்படுவதே நவம்பர், டிசம்பரில். வடகிழக்குப் பருவமழையில் சூரியன் லீவு போடுவதும் அப்போதுதான். மே மாதத்தில் சோலாரே வேண்டாம், ஓவர்ஹெட் டேங்க் தண்ணீரே தோலை உரிக்கும்! எனவே எலக்ட்ரிக் பேக்கப் இல்லாமல் சோலார் வாங்காதீங்க. கோவை, ஓசூர் மாதிரி வருஷத்தில் பல மாதம் காலைக் குளிர் இருக்கும் ஊர்களுக்கு சோலார் இன்னும் நன்றாகப் பொருந்தும்.

ஹீட் பம்ப் என்பது ஏ.சி.யைத் திருப்பிப் போட்ட மாதிரி. வெளிக்காற்றின் சூட்டை இழுத்துத் தண்ணீருக்குள் தள்ளும், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு சுமார் மூன்று யூனிட் அளவு சூடு தரும். நம்ம ஊர் காற்று அதற்கு ரொம்ப வசதி. ஆனால், விலை சாதாரண கீசரைப் போல பல மடங்கு, இடமும் அடைக்கும். ஷவரில் குளிக்கும் பெரிய குடும்பம், ஹாஸ்டல், லாட்ஜ் இவற்றுக்கு யோசிக்கலாம். டூ பெட்ரூம் ஃபிளாட்டுக்கு இப்போதைக்கு வேண்டாம்.

வாடகை வீடா? இதைப் பேசிட்டு மாட்டுங்க

நம்மில் பாதிப் பேர் வாடகை வீட்டில் இருக்கிறோம். கீசர் நம்முடையது, சுவரும் வயரிங்கும் வீட்டு ஓனருடையது. எர்த் இல்லை, ஆர்.சி.சி.பி. இல்லை என்று சொன்னால், “அதெல்லாம் முன்னாடி இருந்தவங்க கேட்கவே இல்லையே” என்பார் ஓனர். மத்திய அரசு 2021-ல் கொண்டுவந்த மாதிரி வாடகைச் சட்டத்தின் பட்டியலில் வீட்டின் உள், வெளி வயரிங் பராமரிப்பு உரிமையாளர் பொறுப்பு, கீசர் ரிப்பேர் வாடகைதாரர் பொறுப்பு என்று பிரித்தே போட்டிருக்கிறார்கள். அது ஒரு மாதிரிச் சட்டம்தான், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அதுவே செல்லும். ஆனாலும் நியாயமான பிரிவினை. அட்வான்ஸ் கொடுக்கும் முன்னாலேயே “ஆர்.சி.சி.பி. போட்டுக் கொடுங்க, எர்த் டெஸ்ட் பண்ணிக் கொடுங்க” என்று கேட்பதற்கு நாம் கூச்சப்படக் கூடாது. கார் பார்க்கிங் இருக்கா என்று கேட்கிறோமே! ஓனர் மறுத்தால் வாடகையில் கழித்துக்கொள்ளலாமா என்று பேசிப் பாருங்க. அதுவும் முடியாதென்றால் சொந்தச் செலவில் போட்டுக்கங்க. காலி பண்ணும்போது கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம்.

மாட்டும் நாளில் கூடவே நில்லுங்க. 15 லிட்டர் கீசரில் தண்ணீர் மட்டுமே 15 கிலோ, தொட்டியோடு சேர்த்தால் இன்னும் அதிகம். புது அப்பார்ட்மென்ட்டுகளில் இருக்கும் எடை குறைந்த ஏ.ஏ.சி. கல் சுவரில் சாதாரண போல்ட் நிற்காது, அதற்கென்று இருக்கும் ஆங்கரைத்தான் போடணும். வெந்நீர் குழாய்க்கு சாதா பி.வி.சி. கூடாது, சூட்டில் இளகிவிடும். சி.பி.வி.சி. கேளுங்க. மாடி டேங்க் பத்து மீட்டர் உயரத்தில் இருந்தால் ஒரு பார் அழுத்தம். கீழ் ஃபிளாட், பிரஷர் பம்ப் வைத்த வீடு என்றால் 8 பார் தாங்கும் மாடலாகப் பார்த்து வாங்குங்க.

கீசருக்கு அடியில் ஒரு சேஃப்டி வால்வு இருக்கும். தண்ணீர் சூடாகி விரியும்போது அதிலிருந்து சொட்டுச் சொட்டாக வருவது இயல்பு. “சார், லீக் ஆகுது, அடைச்சிடட்டுமா?” என்று பிளம்பர் கேட்டால் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லுங்க. தெர்மோஸ்டாட் ஒருநாள் வேலை செய்யாமல் போனால், உள்ளே ஏறும் அழுத்தம் வெளியேற அதுதான் வழி. அதை அடைத்தால் தலைக்கு மேலே தொங்குவது மூடி இறுகிய பிரஷர் குக்கர். சொட்டும் தண்ணீருக்கு ஒரு சின்ன டியூப் போட்டுக் கீழே இறக்கிவிட்டால் போதும்.

எல்லாம் முடிந்து, பில்லில் கையெழுத்து வாங்கும் முன்னால் டி.பி.யைத் திறந்து ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை ஒரு தடவை அமுக்குங்க. லைன் கட் ஆகி ஃபேன் நின்றால் சரி, மறுபடியும் போட்டுவிட்டுத் தண்ணீரைச் சூடாக்கலாம். மாதம் ஒரு தடவை இதே மாதிரி அமுக்கிப் பார்த்துக்கங்க. அமுக்கியும் ஃபேன் ஜம்முன்னு சுற்றிக்கொண்டே இருந்தால் கீசர் சுவிட்சைத் தொடாதீங்க. எலக்ட்ரீஷியன் வந்து அதை மாற்றும் வரை கேஸ் அடுப்பில் ஒரு குண்டான் தண்ணீர் வச்சுக்கங்க.